கலங்கரை நகரில் காசு கனத்த வருஷம்

எங்கள் கலங்கரை நகரில் புதிதாக வாங்கிய எந்தச் சாமானின் பிளாஸ்டிக் உறையையும் யாரும் கழற்றுவதில்லை. தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்து இப்போது ஓய்வு பெற்றவர்கள், வேலையில் இருந்த காலத்திலேயே சேர்ந்து, கடற்கரைச் சாலைக்கும் உப்பளத்துக்கும் நடுவில் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்ட குடியிருப்பு இது. இங்கே உப்புக்காற்று ஆணியையும் விடாது, ஆணி அடித்தவனையும் விடாது என்பதால், சோபா வந்தால் அதன் உறையோடும், மின்விசிறி வந்தால் இறக்கையில் சுற்றிய தாளோடும், டிவி ரிமோட் வந்தால் அது வந்த பையோடும் அப்படியே காலம் தள்ளும். சோபாவில் உட்கார்ந்தால் கரகரவென்று சத்தம் கேட்கும், வேர்த்துக் கால் ஒட்டிக்கொள்ளும், ஆனால் யாரும் அதை ஒரு குறையாகச் சொன்னதில்லை. அதனால்தான் சுகுமார் சார் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, உடைக்கவே கூடாத தடித்த பிளாஸ்டிக் டப்பிக்குள் ஒரு சதுர அஞ்சு பைசாவை வைத்து எங்கள் தெருவுக்குக் கொண்டுவந்தபோது, அவர் எங்களுக்குப் பல வருஷம் பழகினவர் மாதிரித் தெரிந்தார்.

காசு என்னவோ எங்களுக்குத் தெரிந்த காசுதான். பள்ளிக்கூடம் போகிற காலத்தில் அதைக் கொடுத்து நெல்லிக்காய் வாங்கியிருக்கிறோம், வாளித் தண்ணீரில் படுக்கைவசமாக மெல்ல விட்டு மிதக்கவைத்து விளையாடியிருக்கிறோம், அவ்வளவு லேசான அலுமினியம். டப்பிக்குள் போனதும் அதற்கு ஒரு தோரணை வந்துவிட்டது. டப்பியின் மேல்பக்கத்தில் சீட்டு ஒட்டி, மின்னுகிற முத்திரை வைத்து, காசுக்கு மார்க் வேறு போட்டிருந்தார்கள், எங்கள் பிள்ளைகள் யாரும் பரீட்சையில் வாங்காத மார்க். "இது செலவு பண்ற காசு இல்ல சார், சொத்து," என்றார் சுகுமார் சார். "பீரோவுல தூங்கட்டும். டப்பியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறந்துடாதீங்க, திறந்த நிமிஷம் அது வெறும் அஞ்சு பைசா. சீல் உடையாம வெச்சிருந்தா கம்பெனியே பல மடங்கு கொடுத்துத் திரும்ப எடுத்துக்கும்." உறையைக் கழற்றாமல் ஒரு பொருளை வைத்திருப்பதுதான் வேலை என்றால், எங்களை விட்டால் அதற்குத் தகுதியானவர்கள் இந்த ஜில்லாவிலேயே கிடையாது என்று நாங்கள் நம்பினோம்.

விலையைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், அதனால் சொல்லப்போவதில்லை. சுடலை தன் கறவை மாட்டை விற்று ஒரு டப்பி வாங்கினார். ஞானசௌந்தரியின் புருஷன் அவள் கழுத்திலும் காதிலும் கையிலும் கிடந்ததைக் கழற்றித் தரக் கேட்டு, அவளும் கழற்றிக் கொடுத்து, ஒரு டப்பி வாங்கினார்கள். பால்பாண்டிக்கு விற்க ஒன்றும் இல்லாததால் வட்டிக்கு வாங்கி ஒரு டப்பி வாங்கினார். நான் என் மோட்டார் சைக்கிளைக் கொடுத்தேன். தெருவில் டப்பி இல்லாத வீட்டைப் பார்த்து மற்றவர்கள் பாவம் என்று சொல்லுகிற நிலைமை வந்துவிட்டபடியால், டப்பி இல்லாத வீடு என்று கடைசியில் ஒன்றுமே இல்லாமல் போனது.

எல்லாவற்றிலும் உசத்தி இன்னாசி வாங்கினதுதான். அது அச்சில் கோணலாக விழுந்த காசு, இந்த மாதிரி ஒன்றுதான் இருக்கிறது என்று சுகுமார் சார் அதைப் பட்டுத்துணியில் பொதிந்து கொண்டுவந்தார். இன்னாசி துறைமுகத்தில் சிக்னல்காரராக இருந்தவர். கப்பலின் மேல்தள விளிம்பில் நின்று, கீழே சரக்கறைக்குள் நடப்பதைப் பார்க்க முடியாத கிரேன்காரருக்குக் கையாலேயே சேதி சொல்வது அவர் வேலை, மேலே, கீழே, கொஞ்சம் பொறு, நிறுத்து, எல்லாம் கைதான். அந்தப் பழக்கத்தில் அவர் வாய் திறப்பது குறைந்து, வீட்டில் ரெண்டாவது கரண்டி சோறு வேண்டாம் என்பதைக்கூடக் கையைக் காட்டித்தான் சொல்வார். டப்பி வாங்க ஏது பணம் என்று மனைவி தஸ்நேவிஸ் கேட்டபோது மட்டும் வாய் திறந்து, "செட்டில்மென்டு காசுல மிச்சம் இருந்துச்சு," என்றார். அவளும் அதை நம்பினாள், ஏனென்றால் அவர் அவளிடம் அதுவரை பொய் சொன்னதாக அவளுக்குத் தெரியாது.

தஸ்நேவிஸ் யார் என்று தெரிய வேண்டுமானால் அந்த வீட்டைப் பார்த்தால் போதும். இன்னாசி மாதச் சம்பளத்தைக் கொடுத்தார் என்பது வாஸ்தவம், ஆனால் கட்டியது அவள். கொத்தனார் கலவையில் சிமெண்டைக் குறைத்தபோது கரண்டியைப் பிடுங்கி வைத்துக்கொண்டவள் அவள், வயிற்றில் பிள்ளையோடு தெருக் குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஒவ்வொரு சுவருக்கும் காலையும் சாயங்காலமும் தண்ணீர் விட்டவள் அவள். அந்தப் பிள்ளை இப்போது கல்யாணமாகி மும்பையில் இருக்கிறது. கடைசிக் காலத்தில் நமக்கு இந்த வீடு இருக்கிறது என்று அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ள மாட்டாள், ஆனால் அடுக்களைச் சுவரில் சாய்ந்து நிற்கும்போது அவள் முகத்தைப் பார்த்தால் நமக்கே தெரியும்.

ஆவணியில் ஒரு வியாழக்கிழமை, பால்காரர் வந்து போன நேரத்தில் காசுகள் கனத்தன. முதலில் சுடலை வீட்டு பீரோ முன்பக்கமாக மண்டியிட்டது, அடுத்து என் வீட்டு அலமாரிப் பலகை முறிந்து டப்பி தரையில் விழுந்து தரைக்கல்லை உடைத்தது, பிறகு தெரு முழுக்க ஒவ்வொரு வீட்டிலும் எதுவோ ஒன்று விழுகிற சத்தமும் அதைத் தொடர்ந்து பெண்கள் ஏசுகிற சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன. டப்பிகள் உடையவில்லை, காசுகள் உருமாறவில்லை, எடை மட்டும் கூடியிருந்தது. சுடலை தன் டப்பியைத் தூக்க முயன்று பார்த்துவிட்டு, "மாடுல்லா இது," என்றார். கறந்த கைக்குத் தெரியாதா? நானும் என்னுடையதைத் தரையோடு தரையாக இழுத்துப் பார்த்தபோது, அது வலப்பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து வந்த விதத்தில் என் மோட்டார் சைக்கிளை அடையாளம் கண்டுகொண்டேன். அவரவர் எதைக் கொடுத்து வாங்கினார்களோ அதன் கனம் அந்தந்தக் காசில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்பதை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் தெரு முழுவதும் புரிந்துகொண்டது.

சுகுமார் சாருக்குப் போன் செய்தோம். அவர் அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை வந்து, கையுறையைக் கழற்றாமலே எல்லா டப்பியையும் எட்ட நின்று பார்த்து, எடை கூடினால் மதிப்பும் கூடும், இது நல்ல அறிகுறி என்று சொல்லி, காப்பி குடித்து, பஸ் ஏறிப் போனார். அந்த வாரமே அவருடைய போன் அணைந்துவிட்டது, கம்பெனி இருந்த இடத்தில் செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டுகிற கடை வந்துவிட்டது. போலீஸ் ஜீப்பில் ரெண்டு டப்பியைச் சாட்சிப் பொருளாக ஏற்றினார்கள், ஜீப்பின் ஸ்பிரிங் பட்டை முறிந்ததால் இறக்கிவைத்துவிட்டு, நாங்கள் கூப்பிடும்போது நீங்களே கொண்டுவாருங்கள் என்று சொல்லிப் போனார்கள். பழைய இரும்புக் கடைக்காரர் தராசோடு வந்து தராசு இல்லாமல் திரும்பினார்.

எதற்கும் பழகிவிடுகிறவர்கள் நாங்கள். சுடலையின் மாட்டுக் காசு கல்யாணப் பந்தல்களின் கயிற்றைப் பிடித்து வைத்துக்கொள்ள மிகவும் தோதாக இருந்தது, காற்றுக் காலத்தில் அதை வாடகைக்குக் கேட்டு முத்தையாபுரத்திலிருந்துகூட ஆள் வந்தது. பாத்திரங்களைக் கொடுத்து வாங்கிய சின்னக் காசுகள் ஊறுகாய் ஜாடிக்குள் எலுமிச்சங்காயை அமுக்கி வைக்க உதவின. ஒரே தொல்லை பெண் பார்க்க வருகிறவர்கள்தான். ஒரு வீட்டுக் காசைத் தூக்கிப் பார்த்தால் அந்த வீட்டில் எது போயிருக்கிறது என்று தெரிந்துவிடும் என்பது ஊருக்குள் பரவிவிட்டதால், மாப்பிள்ளை வீட்டார் காப்பி குடித்த கையோடு, "உங்க டப்பி எங்கன இருக்கு, சும்மா ஒருக்கா பாப்போமே," என்று எழுந்துவிடுவார்கள். கறிவேப்பிலை கடன் கேட்டு வருகிற சாக்கில் பக்கத்து வீட்டு டப்பியை நெம்பிப் பார்க்காத பெண் எங்கள் தெருவில் கிடையாது. தஸ்நேவிஸ் ஒருத்திதான் யார் வீட்டு டப்பியையும் தொடாதவள்.

ஞானசௌந்தரியின் கதை தனி. எல்லார் வீட்டிலும் பீரோ விழுந்தபோது அவள் வீட்டில் ஒன்றுமே ஆகவில்லை. டப்பியைக் கையில் எடுத்துப் பார்த்தாள், அது ஒரு சங்கிலி, ரெண்டு ஜோடி வளையல், ஒரு ஜோடி கம்மல் என்ன கனம் இருக்குமோ அவ்வளவுதான் இருந்தது. அவள் அப்படியே வாசல்படியில் உட்கார்ந்து, "இம்புட்டுத்தானா? இம்புட்டுக் கனந்தானா நானு?" என்று அழுதாள். புருஷன் பக்கத்தில் வந்து உட்காரத் துணிச்சல் இல்லாமல் மத்தியானம் வரை தெருமுனையிலேயே நின்றார்.

டப்பியை முதலில் உடைத்தவர் பால்பாண்டி. அவருடையது வட்டிக்கு வாங்கியது என்பதால் மாதா மாதம் எடை கூடிக்கொண்டே போய், தரையைக் குழித்து, கடைசியில் கட்டில் காலையும் இழுத்துக்கொண்டது. அவர் கோபத்தில் சம்மட்டியை எடுத்து ஒரே போடு போட்டார், டப்பி உடைந்தது, காசு லேசாகிப் பறந்து போய் ஜன்னலோரம் விழுந்தது, அதில் இருந்த கனம் முழுவதும் பால்பாண்டியின் முதுகில் ஏறிக்கொண்டது. அன்று குனிந்தவர் இன்றுவரை குனிந்துதான் நடக்கிறார், மாதம் பிறந்தால் இன்னும் கொஞ்சம். அவரைப் பார்த்த ஞானசௌந்தரியின் புருஷன் புத்திசாலித்தனமாக, தன் கையை மனைவியின் கையோடு சேர்த்து வைத்து டப்பியை உடைத்தார், கனம் ஆளுக்குப் பாதியாகப் பிரிந்தது. சுடலை வீட்டில் நாலு பேரும் கைவைத்தார்கள், மாடு ஆளுக்கொரு காலாகப் போய்ச் சேர்ந்தது, அந்தக் குடும்பம் அதற்குப் பிறகு தெருவில் எங்கே போனாலும் சேர்ந்துதான் போகும், நாலு பேரும் நடக்கிற நடையில் ஓர் ஒழுங்கு இருக்கும். உடம்புக்குள் போன கனத்துக்குத் தராசு கிடையாது. எத்தனை பேர் கைவைக்கிறார்களோ அத்தனை பேருக்கும் தாங்குகிற அளவுக்குப் பிரிந்துகொள்ளும், அவ்வளவுதான்.

பிரித்துத் தூக்குவது எங்களுக்குப் புதிய விஷயமா என்ன? துறைமுகத்தில் அதுதானே பிழைப்பு. ஓய்வுபெற்ற கிரேன்காரர் மச்சாது அண்ணாச்சி பொறுப்பை எடுத்துக்கொண்டார், தெருவே அவருக்குச் சரக்குத் தூக்குகிற கேங்காக மாறியது, துறைமுகத்துச் சட்டங்கள் எல்லாம் தானாகவே வந்து சேர்ந்தன. முதல் சட்டம், சரக்குக்கு உரியவன் எடையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், சொல்லாத சரக்கில் யாரும் கைவைக்கக் கூடாது. ரெண்டாவது, சிக்னல் கொடுப்பவன் சரக்கைத் தொடக் கூடாது, அவனுடைய ரெண்டு கையும் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். இந்த ரெண்டில் ஒன்று தவறியதால் விரல் போனவர்களையும், விரலைவிட அதிகம் போனவர்களையும் நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். சிக்னல் கொடுக்க இன்னாசியை விட்டால் வேறு யார்? ஒவ்வொரு வீடாகப் போனோம், வீட்டுக்காரர் எடையைச் சொன்னார், "தையல் மெஷின்", "மோட்டார் சைக்கிள்", "அண்டா ஒண்ணு, குத்துவிளக்கு ஒண்ணு", நாங்கள் கைவைத்தோம், இன்னாசி கையை இறக்கினார், டப்பி உடைந்தது. எடையைச் சொல்லும்போது சிலர் மனைவி முகத்தைப் பார்க்க மாட்டார்கள். சொன்ன பிறகு ஒரு மாதிரி தெளிச்சியாக இருக்கும்.

இன்னாசி வீட்டு டப்பியை மட்டும் அவர் உடைக்க விடவில்லை. கையை ஆட்டி, வேண்டாம் என்றார். அவருடைய காசு பீரோவின் அடித்தட்டைப் பொத்துக்கொண்டு, மொசைக் தரையைப் பொத்துக்கொண்டு, முழங்கை ஆழத்துக்கு அஸ்திவாரத்தில் இறங்கியிருந்தது. வீடு அந்தப் பக்கமாகச் சாய ஆரம்பித்தது. கதவுகள் நிலையில் மாட்டிக்கொண்டன, அடுக்களையில் தக்காளி வைத்தால் படுக்கையறைக்கு உருண்டு வந்தது, சுவரில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு ஓடியது. தஸ்நேவிஸ் வெடிப்பில் சிமெண்டைக் குழைத்துப் பூசினாள், மறுநாள் அது இன்னும் பெரிதாக வாய் திறந்தது. ஒரு வீட்டின் மேல் அந்த வீட்டின் கனமே இன்னொரு தடவை ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. "அண்ணாச்சி, நீங்க வந்து ஒரு வழி பண்ணுங்க. இவிய கையக் கையத்தான் ஆட்டுதாவ," என்று அவளே போய் மச்சாதுவை அழைத்து வந்தாள்.

மச்சாது அண்ணாச்சி மூணு கால் இரும்புத் தாங்கியும், சங்கிலியால் பாரம் தூக்குகிற செயின் பிளாக்கும் கொண்டுவந்து, படுக்கையறைக் குழிக்கு மேல் நிறுத்தி, டப்பியைச் சுற்றிக் கொக்கி மாட்டி இழுத்தார். கப்பல் எஞ்சினைத் தூக்குகிற செயின் அது. அறுந்து போனது. அறுந்த முனையைக் கையில் பிடித்துப் பார்த்த அவர் முகத்தில் எல்லாம் புரிந்துவிட்டது தெரிந்தது, ஆனால் அடுத்தவன் சரக்கின் எடையைத் தன் வாயால் சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை. சங்கதி கேள்விப்பட்டு அதற்குள் தெரு முழுவதும் வாசலில் கூடிவிட்டது. நான் படுக்கையறைக் கதவருகில் நின்றிருந்தேன்.

"எடையச் சொல்லு, இன்னாசி," என்றார் மச்சாது.

"செட்டில்மென்டு காசுல வாங்குனதுதானே அண்ணாச்சி. என்ன இருக்கும், ஒரு மூட்டை, ரெண்டு மூட்டை."

"மூட்டைக்கெல்லாம் எஞ் செயின் அறுவாதுடே."

மேலே கான்கிரீட்டில் மடார் என்று ஒரு சத்தம் கேட்டு, சுண்ணாம்பு உதிர்ந்து எல்லார் தலையிலும் விழுந்தது. அடுக்களைப் பக்கமிருந்து ஞானசௌந்தரி, "ஐயோ, செவுத்து வழியா வெளிய தெரியுது மைனி!" என்று கத்தினாள்.

"தெரிஞ்சதச் சொல்லிருங்களேன்," என்றாள் தஸ்நேவிஸ். "வீடு நம்ம தலையில எறங்கப் போவுது, நீங்க மரம் மாதிரி நிக்கிய. அப்படி என்னத்தக் குடுத்துட்டிய?"

இன்னாசியின் கைகள் ரெண்டும் எழுந்தன, ஏதோ காட்டப் பார்த்தன, அதற்கு ஒரு சிக்னல் கிடையாது என்பதால் இறங்கின. "வீடு," என்றார்.

"எந்த வீடு?"

"இந்த வீடுதான்."

"உப்பளத்து ஆதித்தன்கிட்ட எழுதிக் குடுத்துட்டேன்," என்று அவர் தரையைப் பார்த்துச் சொன்னார். "பத்திரம் எம் பேருலதானே இருந்துச்சு. கிறிஸ்மஸ் வர இருந்துக்கிடச் சொல்லிருக்காரு. அதுக்குள்ள காச வித்து மீட்டிரலாம், ஒனக்குத் தெரியாமலே மாடியும் எடுத்துரலாம்னு நெனச்சேன் தஸ்நேவிஸ்."

அவள் அடுக்களைக்குப் போனாள். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த மீன்குழம்பை இறக்கிவைத்தாள், கேஸை மூடினாள், பாக்குவெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, சேலையைச் செருகிக்கொண்டு குழிக்கு முன்னால் முழங்காலிட்டாள். மச்சாது, "நீ வேணாம்மா, நான் கைய வைக்கேன்," என்று தடுத்தார். "இந்தக் கையாலதான் அண்ணாச்சி தண்ணி ஊத்துனேன்," என்றாள். அவர் விலகி வழிவிட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சுண்ணாம்புத்தூசி என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

குழிக்குள் ஒரு ஆளின் கைதான் நுழையும். அதனால் அவள் தோளை மச்சாது பிடித்தார், மச்சாதுவின் தோளை நான், என் தோளை ஞானசௌந்தரி, அவளை அவள் புருஷன், அவரை ஏற்கெனவே குனிந்திருந்த பால்பாண்டி, அவரைச் சுடலை வீட்டு நாலு பேர் என்று வரிசை முன்கூடத்தைத் தாண்டி, வாசலைத் தாண்டி, தெருமுனை வரைக்கும் போனது. சைக்கிளில் அந்தப் பக்கமாக வந்த மாதா கோயில் உபதேசியாரையும் பிடித்து இழுத்து நிறுத்திக்கொண்டோம். இன்னாசி வாசல் நிலையில், உள்ளே இருப்பவர்களுக்கும் வெளியே இருப்பவர்களுக்கும் தெரிகிற இடத்தில் நின்று ரெண்டு கையையும் உயர்த்தினார். சிக்னல்காரன் சரக்கைத் தொடக் கூடாது என்பது எங்கள் எலும்பில் ஊறின சட்டம். அதனால் அவரை வரிசையில் சேர்க்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. அவர் கையை இறக்கினார், தஸ்நேவிஸ் பாக்குவெட்டியை அழுத்தினாள், டப்பி பட்டென்று உடைந்தது.

வீடு எங்களுக்குள் வந்தது. வலிக்கவில்லை, மூச்சுத்தான் கொஞ்சம் அடைத்தது, கால் பாதம் தரையில் நன்றாகப் பதிந்தது. எனக்கு வந்தது பின்வாசல் நிலை என்று உடனே தெரிந்தது, வேப்பமரத்தின் கனம் அது. மச்சாதுவுக்குக் கான்கிரீட் கூரை, அவருடைய உடம்புக்குச் சரிதான். ஞானசௌந்தரிக்கு ஜன்னல்கள், உபதேசியாருக்குச் சுற்றுச்சுவர், சுடலை வீட்டுச் சின்னவளுக்குத் துணி துவைக்கிற கல். சாயங்காலம் முழுக்கத் தெருவில் அவரவர் பாகத்தைச் சொல்லிக்கொண்டு நின்றோம். தஸ்நேவிஸுக்கு எது வந்தது என்று அவள் சொல்லவில்லை, கேட்கிற தைரியம் எங்களுக்கும் இல்லை. அடுக்களைதான் என்று நான் நினைக்கிறேன்.

வீடு நிமிர்ந்துகொண்டது. கிறிஸ்மஸ் கழிந்த மறுநாள் ஆதித்தன் வந்து, "எம்மேல வருத்தப்படாதிய அண்ணாச்சி, நான் கேட்டு வாங்கல," என்று சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டார். அது நிஜம்தான், அவர் மேல் என்ன குற்றம்? இன்னாசியும் தஸ்நேவிஸும் ஞானசௌந்தரி வீட்டுப் பின்பகுதியில் வாடகைக்கு வந்தார்கள். தஸ்நேவிஸ் அன்று பாக்குவெட்டியை எடுத்தது முதல் இன்னாசியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு போட்டுவிட்டு, "தட்டுல போட்டாச்சுன்னு அவியகிட்டச் சொல்லு ஞானம்," என்பாள், அவரும் ஞானத்தைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிடுவார்.

இன்னாசிக்கு என்ன ஆயிற்று என்பது வாடைக் காற்று தொடங்கினபோதுதான் தெரிந்தது. கொடுத்தது அவர், சுமந்தது நாங்கள், அவரிடம் ஒரு செங்கல்கூட மிச்சமில்லை. முதல் நாள் காற்றில் அவர் குடை மாதிரிக் கொஞ்ச தூரம் போய்த் தந்திக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். சட்டைப் பையில் கல்லைப் போட்டுப் பார்த்தோம், கல்லோடு போனார். இடுப்பில் கயிறு கட்டிப் பார்த்தோம், கயிறு அவிழ்ந்து வந்தது. வீட்டின் ஒரு பாகத்தைச் சுமக்கிற ஆள் யாராவது தொட்டுக்கொண்டிருந்தால் மட்டும் அவர் கால் தரையில் பாவியது. அதனால் காற்று நாட்களில் அவர் எங்கே போனாலும் எங்களில் ஒருவர் கூடப் போவது என்று வைத்துக்கொண்டோம். நான் பலமுறை போயிருக்கிறேன், ஒரு பழைய செய்தித்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பது மாதிரி இருக்கும். தனக்கு ஒரு பாகமாவது கொடுக்கச் சொல்லி அவர் என்னிடம் ஒரு தடவை கேட்டார், வாய்விட்டுக் கேட்டார். உள்ளே போனதை எடுத்துக் கொடுக்க வழி இருந்தால் கொடுக்க மாட்டேனா?

தை மாதம் ஒரு காலையில் கூட வர ஆள் யாரும் கிடைக்காத நேரம் பார்த்து அவர் மீன் வாங்கக் கடற்கரைக்குப் போய்விட்டார். காற்று அடங்கியிருக்கிறது என்று நினைத்தாராம். திரும்புகிற வழியில் அது எழுந்தது. மணலைத் தூக்கி முகத்தில் அடிக்கிற காற்று, அவர் படகுத் துறையின் கைப்பிடிக் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையில் மீன் பையோடு, ரெண்டு காலும் மேலே எழும்பிக் கிடந்தார். நான் சாலையிலிருந்து பார்த்து ஓடினேன். எனக்கு முன்னால் தஸ்நேவிஸ் போய்க்கொண்டிருந்தாள். அவளால் ஓட முடியவில்லை, அவளுக்கு வந்த பாகம் அப்படி, ஒவ்வொரு அடியும் மணலில் கணுக்கால் வரை இறங்கியது. போய் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து நிலத்தில் நிறுத்தினாள், மீன் பையைப் பிடுங்கித் தன் கையில் வைத்துக்கொண்டாள். அவர் தோளில் ஒட்டியிருந்த மணலைத் தட்டக்கூட இல்லை.

அவர்கள் முன்னால் நடக்க நான் பின்னால் வந்தேன். காற்று அவரை ஒரு பக்கமாக இழுக்க, அவள் பிடித்த பிடியில் அவள் முழங்கை நடுங்கியது. இன்னாசி காதில் விழாத மாதிரி ஏதோ சொன்னார், பிறகு குரலை உயர்த்தி, "கை வலிக்கும் தஸ்நேவிஸ். விட்டுரு. நான் எங்கயாவது போய் விழுதேன், ஒனக்குப் பாரம் வேண்டாம்," என்றார்.

அவள் நிற்கவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. "பேசாம வாங்க," என்றாள், "மீனு கெட்டுப் போவுது."